மூண்ட தீயும் அணைக்கும் கையும்

பதுளை, பசறை, ஹாலிஎல மலைகளிலே கொழுந்து பறிப்போருக்குக் குளவி புதிய பகையன்று. மரக்கிளையிலோ தேயிலைச் செடியினூடேயோ உள்ள கூடு கலைந்தால் கூட்டமாக வந்து கொட்டிவிடும். கொட்டிய கை சிவந்து, வீங்கி, கனலும். பலருக்கு இரண்டொரு நாளில் அவ்வீக்கம் தானே வடிந்துவிடும். வீக்கம் ஏன் வருகிறது என்று வினவுவோர் பலர். ஏன் நிற்கிறது என்று வினவுவோர் சிலரே. இவ்வாரம் அந்த இரண்டாவது வினாவை நாம் ஆராய்வோம்.

நஞ்சு தோலினுள் புகுந்ததும் அங்குள்ள காவல் உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை உடனே வெளிவிடுகின்றன. அடுத்து, சைட்டோகைன் என்னும் தூதுப் புரதங்களை ஆக்கி அனுப்புகின்றன. வெள்ளணுக்களை அவ்விடத்துக்கு அழைப்பவை இத்தூதுவர்களே.

இவற்றை ஆக்குமாறு கட்டளையிடுவோருள் முதன்மையானது, 1986ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட 'என்.எஃப். கப்பா-பி' என்னும் புரதம். அமைதிக் காலத்தில் வேறொரு புரதம் அதனைப் பிடித்து வைத்திருக்கும். ஆபத்து நேர்ந்ததும் அப்பிடி சிதைந்துபோக, விடுபட்டது உயிரணுவின் கருவுக்குள் சென்று கட்டளையிடும். வியப்பு யாதெனில், தன்னைக் கட்டிவைக்கும் புரதத்தை மீண்டும் ஆக்குக என்பதும் அக்கட்டளைகளுள் ஒன்றாகும்!

காலைப் பிரட்டில் சொல்லப்படும் வேலை அன்றைய பொழுதுக்கே உரியது. அதுபோல, கருவிலிருந்து வரும் கட்டளை ஏடும் குறுகிய ஆயுள் உடையது. அதனைத் தேடி அழிப்பதற்கென்றே தனிப் புரதங்கள் உள. இண்டர்லூக்கின்-10 என்னும் தூதுவன் வந்து, ஏனைய தூதுவரின் ஆக்கத்தைத் தணிக்கிறான். இவற்றுக்கு மேலாக, மூளையின் ஏவலால் சிறுநீரகத்தின்மேல் அமைந்த சுரப்பி கோர்ட்டிசோலைச் சுரந்து தீயைத் தணிக்கிறது. அச்சுரப்பியின் ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கும் 1950ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இத்தடைகள் வேலை செய்ய மணிக்கணக்கில் நேரம் வேண்டும். சிலருக்கோ, கொட்டிய சில நிமிடங்களிலேயே ஹிஸ்டமின் முதலியன உடலெங்கும் பெருகிவிடும். மூச்சுத் திணறல், மயக்கம், வாந்தி, முகவீக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவ்வேளையில் லயத்திலே சுண்ணாம்பு தடவிக் காத்திருத்தல் தகாது. அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும். மூச்சு சீராக இருப்பினும், பல குளவிகள் கொட்டியவரையும் தாமதியாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க. தன்னைத் தானே ஆளும் திறன் உடலுக்கு உண்டு. அதற்கு வேண்டிய அவகாசத்தைப் பெற்றுத் தருவது நம் கடமையன்றோ?