டிரான்சிட்தானே, யார் பையைப் பார்ப்பாங்க? ஒரு பாக்கெட் கசகசாவால் நடுவழியில் சிக்கல் வரலாம்!

லண்டனில் இருக்கும் மகளுக்கு அம்மா கட்டிக் கொடுக்கும் பார்சலில் மிளகாய்த்தூள், ஊறுகாயோடு ஒரு பாக்கெட் கசகசாவும் இருக்கும். குருமாவுக்குப் போடுவதுதான், நம்ம ஊர் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். பிரிட்டனிலும் அதற்குத் தடை இல்லை. ஆனால் விமானம் துபாய் வழியாகப் போகிறது, நடுவில் 9 மணி நேரம் லேஓவர். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை!

ஏன் தடை?

அபின் எடுக்கும் கசகசாச் செடியின் விதைதான் இது. விதையில் மார்ஃபின் மிகச் சிறிய அளவில் ஒட்டியிருக்கலாம். அமீரகம், சவுதி அரேபியா போன்ற நாடுகள் இதை போதைப்பொருள் கணக்கில் சேர்க்கின்றன. சிங்கப்பூரிலும் இது மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வரும் பொருள். சமையல் பொருள்னு சொன்னா விட்டுடுவாங்கன்னு நம்பிப் போக முடியாது.

"நான் அந்த நாட்டுக்குள்ளேயே போகலையே?"

பலர் செய்யும் தவறு இதுதான். இமிகிரேஷன் தாண்டாவிட்டாலும் நீங்கள் நிற்பது அந்த நாட்டு மண்ணில்தான், அங்கே செல்வது அந்த நாட்டுச் சட்டம்தான். 2007-ல் துபாய் டிரான்சிட்டில் ஒரு பிரிட்டன் பயணியின் காலணி அடியில் 0.003 கிராம் கஞ்சா ஒட்டியிருந்தது. கண்ணுக்கே தெரியாத அளவு! அதற்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2008-ல் பொது மன்னிப்பில்தான் அவர் வெளியே வந்தார். சிங்கப்பூரில் நடந்தது இதைவிடக் கடுமை. கம்போடியாவில் இருந்து ஆஸ்திரேலியா போகும் வழியில், 2002-ல் சாங்கி விமான நிலையத்தில் ஹெராயினுடன் பிடிபட்ட ஆஸ்திரேலிய இளைஞர் 2005-ல் தூக்கிலிடப்பட்டார். அவரும் டிரான்சிட் பயணிதான்.

அமீரகம் பிறகு சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியது உண்மை. ஆனால் அது, கஞ்சாவில் உள்ள டிஎச்சி கலந்த உணவு, பானத்தை முதல் முறையாகக் கொண்டுவந்து சிக்குபவர்களுக்கான தளர்வு. எல்லாவற்றுக்கும் பொருந்தும்னு நினைச்சுக்க வேண்டாம்.

லேஓவர் நீண்டால் என்ன ஆகும்?

ஒரே டிக்கெட் என்றால் செக்-இன் பை பெரும்பாலும் கடைசி ஊருக்கே போய்விடும். விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டால் கதை மாறும். நடுவழியில் பையை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலும் பொதுவாக இதே நிலைதான். "சும்மா ஊரைச் சுத்திட்டு வரலாம்" என்று வெளியே போனால் கைப்பையும் சோதனைக்கு வரும். அமெரிக்காவில் இன்னும் மோசம், பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே பையை எடுத்து சுங்கத்தைக் கடக்க வேண்டும். அங்கே கறிவேப்பிலைக்கே தடை! எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரும் என்பதுதான் காரணம்.

டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலின் சீல் வைத்த பையை நடுவில் பிரித்தால், அடுத்த சோதனையில் அது குப்பைக்குத்தான். பவர் பேங்க் எப்போதும் கைப்பையில் மட்டும்.

மாத்திரையில் கவனம்

நம்ம வீடுகளில் அதிகம் கவனிக்காதது இதுதான். கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால் வலி மாத்திரை, டயஸிபாம் போன்றவை அமீரகம், சிங்கப்பூர் இரண்டிலும் கட்டுப்பாடு உள்ள மருந்துகள். அமீரகத்துக்கு இணையத்திலேயே முன்அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரிலும் முன்கூட்டியே அனுமதி கேட்கும் வசதி உண்டு. டாக்டர் சீட்டை வைத்திருங்கள். மாத்திரையை அட்டையில் இருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள், அது என்ன மருந்து என்று அங்கே யாருக்கும் தெரியாது.

சென்னை கவுன்ட்டரில் பை போடும்போதே "டேக் எந்த ஊர் வரைக்கும்?" என்று கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு மாமா "ஒரு சின்ன பார்சல்தான்ப்பா" என்று நீட்டினால், அவர் எதிரிலேயே பிரித்துப் பாருங்கள். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.