எழுத்துக்கு அடியில் பாட்டி

புனே கேம்பின் எம்.ஜி. ரோட்டிலும் ஈஸ்ட் ஸ்ட்ரீட்டிலும் தமிழ் காதில் விழுவது அதிசயமல்ல. பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் வந்து அங்கேயே தங்கிவிட்ட முதலியார் குடும்பங்களுக்குத் தலைமுறைகள் ஆகிவிட்டன. அப்படி ஒரு வீட்டின் பீரோவில் 1990களின் கல்யாண கேசட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பென் டிரைவுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தால், தாலி கட்டும் நேரம் பார்த்து மணமக்களின் பெயர் தங்க நிறத்தில் திரையின் கீழே வந்து நிற்கிறது. அதற்குச் சரியாக அடியில் பாட்டியின் முகம். அவர் இருந்த கடைசிக் கல்யாணம் அது. 'எழுத்தை மட்டும் எடுத்துவிட முடியாதா?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி.

முடியாது. அந்த எழுத்து படத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் அல்ல. அன்று பல நாடுகளில் வீடியோக்காரர்கள் நம்பியிருந்தது 1985இல் வந்த அமிகா போன்ற கணினிகளையும் 'ஜென்லாக்' என்ற கருவியையும். ஜென்லாக் கணினியையும் வீடியோவையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும். கணினித் திரையில் பின்னணி நிறம் இருக்கும் இடங்களில் கேசட்டின் படம் தெரியும். எழுத்து இருக்கும் இடத்தில் எழுத்து மட்டுமே. இந்தக் கலவைதான் புதிய கேசட்டில் பதிவானது. அதாவது, அந்தப் பிரதியில் பாட்டியின் முகம் பதிவாகவே இல்லை. இன்றைய செயற்கை நுண்ணறிவு அந்த இடத்தில் ஒரு முகத்தை வரைந்து தரும். அது யாரோ ஒரு பாட்டி.

இப்போதைய எடிட்டிங் மென்பொருளில் விஷயம் வேறு. கீழ் வரிசையில் படம், மேல் வரிசையில் டைட்டில். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு 'ஆல்ஃபா' என்று நாலாவது எண்ணும் உண்டு. வழக்கமான கணக்கில் 0 என்றால் கண்ணாடி, 255 என்றால் சுவர், நடுவில் உள்ளவை எழுத்தின் மென்மையான ஓரமும் நிழலும். இதைக் கண்டுபிடித்து வளர்த்த ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல், தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் நால்வருக்கும் 1996இல் ஆஸ்கரின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. டைட்டிலை ஜேபெக் கோப்பாகக் கொண்டுவந்து மேலே வைத்துவிட்டு, 'படமே கறுப்பாகிவிட்டது' என்று புதியவர்கள் திகைப்பதும் இதனால்தான். ஜேபெக்கில் ஆல்ஃபா கிடையாது. படத்தை மட்டும் மங்கவைத்தால் பெயர் இருட்டில் தனியாக நிற்கும் வேடிக்கையும் உண்டு. இரண்டும் தனித்தனி.

இந்தச் சங்கடம் இல்லாத காலமும் இருந்தது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வத'த்தை 1910களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். கேமரா பிடிக்க அவர் கற்றுக்கொண்டது புனேயில், ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம். மௌனப் படத்தில் வசனம் தனி அட்டையாகக் காட்சிகளுக்கு நடுவே வரும். யார் முகத்தையும் மறைக்காது. தமிழ், ஆங்கிலம், இந்தி என மூன்று மொழிகளில் அட்டைகள் தயாராயின. இந்தியில் எழுதிக் கொடுத்தவர் காந்தியின் மகன் தேவதாஸ். அட்டையை வெட்டி மாற்றினால் மொழி மாறிவிடும். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை என்பது வேறு சோகம்.

மென்பொருளின் தாராளமும் கடைசிப் பொத்தான் வரைதான். வீட்டுக்கு வரும் எம்.பி.4 கோப்பில் அடுக்குகள் எல்லாம் நசுங்கி ஒன்றாகிவிடும். ஜென்லாக் கேசட்டின் கதையேதான். வேறு மொழிக்குப் போகும் சினிமாக்களுக்கு எழுத்தில்லாத பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து வைக்கிறார்கள். கல்யாண வீட்டார் அதைக் கேட்பதில்லை. கேட்டால் ஸ்டூடியோக்காரருக்குக் கூடுதலாக ஆவது கொஞ்ச நேரமும் கொஞ்சம் இடமும்தான்.

பழைய கல்யாணத்துக்கு ஒரே நம்பிக்கை, எழுத்து ஏறாத மூல கேசட். அதை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்குப் பயன்படுத்தாமல் யாராவது வைத்திருக்க வேண்டும். வி.எச்.எஸ். கேசட்டாகக் கிடைத்தால், அதன் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடனே உடைத்துவிடுவது நல்லது. அதன்மேல் மறுபடி எதுவும் பதிவாகாது.