கோடைக்கு மூன்று வேலை போதும்

மலையில் ஏலக்காய் எடுப்பு மாசி வாக்கில் ஓய்ந்தால், மறுபடி சூடு பிடிப்பது ஆடியில்தான். இடையில் ராசிங்காபுரத்தில் ஜீப் ஏறும் ஆட்கள் குறைவார்கள். நம் கல்லாவும் மெலியும். இந்த மந்த நாட்களில் பத்து வேலைகளைத் தொடங்கி ஒன்றையும் முடிக்காமல் விடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். மூன்றை மட்டும் எடுப்போம்.

முதலாவது, பற்று நோட்டு. தவணை குறிக்காமல் கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம். கெடு தீருமுன் வாங்கியவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். கோர்ட்டுப் படி ஏறுவது நம் நோக்கமல்ல. கணக்குத் தெளிவாக இருந்தால் மனத்தாங்கல் வராது. ஆகவே, காசில்லாத கோடையில் யாரையும் நெருக்க வேண்டாம். கணக்கை வாசித்துக் காட்டிக் கையெழுத்து மட்டும் வாங்குங்கள். வசூலை எடுப்புக் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கடைக் கூரை. சாரல் பிடித்தபின் ஓடு மாற்ற முடியாது. வெல்லம் கசியும், உப்பு நீர்க்கும், பருப்பில் வண்டு விழும். மூட்டைக்கு அடியில் பலகை போடுவதையும் இப்போதே முடிக்கலாம்.

மூன்றாவதுதான் பெரிது. மனைவிக்கோ, விடுமுறையில் இருக்கும் மகன் மகளுக்கோ கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். முதலாளி திடீரென்று படுத்துவிட்டால், யாரிடம் எவ்வளவு நிற்கிறது, மொத்த வியாபாரிக்கு எவ்வளவு தர வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டாமா?

மே 5 வணிகர் தினத்துக்குள் பற்று நோட்டையாவது முடித்துவிடுவோம். மற்ற இரண்டுக்கும் வைகாசி இருக்கிறது.