பெருவாளும் இரட்டை வாளும்

வீட்டிற் பிள்ளைகள் இருவர் வழக்காடினால், தீர்ப்புக் கூறுதற்குப் பெரியவர் ஒருவரைத் தேடுவது வழக்கம். அப்பெரியவர் வழக்கை நன்கு விளங்கிக்கொண்டாரா என்று எவரும் கேட்பதில்லை. சென்ற விடுமுறையில் அத்தகைய பெரியவராக அமர்ந்து, பிழையான தீர்ப்பொன்றை வழங்கி, பின்னர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்ட கதையையே இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விழைகின்றேன்.

வழக்கின் பொருள் ஒரு விளையாட்டு. யப்பானின் ஒசாக்கா நகரத்துக் கப்கொம் கம்பனியார் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட “மொன்ஸ்டர் ஹன்டர்” என்பது அதன் பெயர். அதன் வழிவந்த “மொன்ஸ்டர் ஹன்டர் வேர்ல்ட்” 2018இலும், அதன் விரிவாகிய “ஐஸ்போர்ன்” 2019இலும் வெளிவந்தன. வேடர் நால்வர் வரை ஒன்றுகூடி, மலைபோன்ற விலங்கொன்றை எதிர்த்தலே இதன் சாரம். ஆயுத வகைகள் பதினான்கு. வீழ்த்திய விலங்கின் செதிலும் எலும்பும் கொண்டே அடுத்த ஆயுதம் செய்யப்படும். ஆதலால் எவ்வாயுதத்தைச் செய்வது என்னும் தெரிவிற் பல நாள் உழைப்பு அடங்கியுள்ளது.

ஆயுதத்தின் தாக்கு இருவகைப்படும். ஒன்று, வெட்டாலும் அடியாலும் விளையும் வெறும் வலு. விளையாடுவோர் இதனை “ரோ” என்பர். மற்றையது, ஆயுதத்தில் ஏறியிருக்கும் நெருப்பு, நீர், இடி, பனி, டிராகன் என்னும் ஐந்தனுள் ஒன்றன் வலு. இது “எலிமென்ட்” எனப்படும். எலிமென்ட் உடைய ஆயுதத்தில் வெறும் வலு பெரும்பாலும் சற்றுக் குறைந்திருக்கும். ஒன்றைப் பெறின் மற்றொன்றிற் சிறிது இழத்தல் வேண்டும்.

என் மருமகன் எலிமென்ட் அற்ற பெருவாள் ஏந்துபவன். அவன் தங்கை பனி ஏறிய இரட்டை வாள் ஏந்துபவள். “வெறும் வலுவே வலு, மற்றது பூச்சு” என்பது அவன் கட்சி. “விலங்குக்கு ஏற்ற எலிமென்டே வெல்லும்” என்பது அவள் கட்சி. “மாமா, நீங்கள் கணக்குப் படிப்பித்தவர், நீங்களே சொல்லுங்கள்” என்று இருவரும் என்னிடம் வந்தனர். முதுமைக்குரிய செருக்குடன் தாளும் பென்சிலும் எடுத்தேன்.

மாணவர்களும் என்னுடன் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். விளங்குதற்பொருட்டு எளிய எண்களைக் கொள்வோம். எவ்வகை வாளாயினும், எலிமென்ட் இல்லாததன் வெறும் வலு 220. பனி ஏறியதன் வெறும் வலு 200, எலிமென்ட் 30 என்க. விலங்கின் உடலில் வெட்டப்படும் இடம் வெறும் வலுவில் நூற்றுக்கு 50ஐயும், பனியில் நூற்றுக்கு 25ஐயும் ஏற்கின்றது. வீச்சுக்கும் ஓர் அளவுண்டு. பெருவாளின் ஒரு பெருவீச்சு நூற்றுக்கு 100; இரட்டை வாளின் ஒரு சிறுவெட்டு நூற்றுக்கு 10.

நான் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்கினேன். பெருவீச்சில் எலிமென்ட் இல்லாத வாளுக்கு 110 வந்தது. பனி வாளுக்கு 100உம் 7.5உம் சேர்ந்து 107.5 வந்தது. சிறுவெட்டில் முன்னையதற்கு 11. பின்னையதற்கு 10உம் 0.75உம் சேர்ந்து 10.75. இரண்டிலும் வெறும் வலுவே முந்தியது. “அண்ணன் சொன்னதே சரி” என்று தீர்ப்பளித்தேன். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “கணக்கு முடிந்தது, பிள்ளை” என்று அடக்கிவிட்டேன்.

அன்றிரவு மருமகன் என் தாளைச் சான்றாகக் காட்டி, தங்கையையும் நண்பர் இருவரையும் வெறும் வலு ஆயுதங்களையே எடுக்கச் செய்து, அலட்ரியோன் என்னும் விலங்கை எதிர்க்கப் புறப்பட்டான். மும்முறை சென்றனர், மும்முறையும் நால்வரும் ஒருங்கே வீழ்ந்தனர். “இனி எங்களைக் கூப்பிடாதே” என்று நண்பர்கள் கூறிவிட்டனராம். அவன் இராச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

மறுநாட் காலை மருமகள் அத்தாளைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தாள். “மாமா, வீச்சின் அளவு வெறும் வலுவை மட்டுந்தான் பெருக்கும். எலிமென்டைப் பெருக்காது. நேற்று இதைத்தான் சொல்ல வந்தேன்” என்றாள்.

திரும்பவும் பென்சிலை எடுத்தேன். சில வீச்சுகளுக்கு விலக்குண்டெனினும் பொதுவிதி அவள் கூறியதே. வெட்டுச் சிறிதாயினும் பெரிதாயினும் எலிமென்ட் ஒரே அளவிற் சேர்கின்றது. ஆகவே சிறுவெட்டிற் பனி வாளுக்குரியது 10.75 அன்று, 10உம் 7.5உம் சேர்ந்த 17.5 ஆகும். பத்து வெட்டுகளில் எலிமென்ட் இல்லாதது 110ஐ அடைய, பனி வாள் 175ஐ அடைகின்றது. இவ்வெண்களின்படி வீச்சின் அளவு 75 ஆகுமிடத்து இரண்டும் சமம். அதற்கு மேல் வெறும் வலுவும், அதற்குக் கீழ் எலிமென்டும் முந்தும். பனியைச் சிறிதும் ஏற்காத விலங்காயின், சிறுவெட்டிலும் வெறும் வலுவே வெல்லும். அண்ணன் பெருவாளைக் கருதிப் பேசினான். தங்கை இரட்டை வாளைக் கருதிப் பேசினாள். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. பிழை என் தாளில் இருந்தது.

கவனித்தற்குரியன வேறு சிலவும் உள. வாளின் கூர் பச்சை, நீலம், வெள்ளை என உயருந்தோறும் வெறும் வலு 1.05, 1.2, 1.32 எனப் பெருகும். எலிமென்ட் இதனிற் குறைந்த அளவே பெருகும். தற்செயலாக வாய்க்கும் சிறப்புத் தாக்கு வெறும் வலுவை நூற்றுக்கு 25 கூட்டும். தனித்திறன் ஒன்று இல்லாவிடின் எலிமென்டைக் கூட்டாது. “வேர்ல்ட்” விளையாட்டிலோ திரையிற் காணும் எண்ணும் மயக்கந் தருவது. பெருவாளின் வலுவை 4.8 மடங்காகவும் இரட்டை வாளின் வலுவை 1.4 மடங்காகவும் அது காட்டும். 960 எனக் காணும் பெருவாளும் 280 எனக் காணும் இரட்டை வாளும் உண்மையில் 200 வலுவுடையனவே. எலிமென்டும் பத்து மடங்காகக் காட்டப்படும். 2021இல் வந்த “ரைஸ்” இம்மயக்கத்தை நீக்கி உண்மை எண்ணையே காட்டியது.

ஆயின் அலட்ரியோனிடம் தோற்றதற்கு இக்கணக்கு மட்டும் காரணமன்று. 2009இல் “மொன்ஸ்டர் ஹன்டர் ட்ரை”யில் முதன்முதல் தோன்றிய இவ்விலங்கு, 2020 யூலையில் “ஐஸ்போர்ன்” உடன் சேர்க்கப்பட்டது. நெருப்பு நிலை, டிராகன் நிலை, பனி நிலை என அது மாறி மாறி வரும். நெருப்பு நிலையிற் பனி ஆயுதமும், பனி நிலையில் நெருப்பு ஆயுதமும் அதனை நன்கு தாக்கும். வேடர் அனைவரின் எலிமென்ட் தாக்கும் ஒன்றாகத் திரண்டு ஓர் அளவை எட்டினாலன்றி, அதன் பேரழிவு வீச்சின் வேகம் தணியாது. களத்தில் நின்றோர் தப்புதல் அரிது. வழக்கமான வேட்டையில் மூன்று வீழ்ச்சிகளே பொறுக்கப்படும். அவையும் நால்வருக்கும் பொதுவானவை. என் பேச்சைக் கேட்டு எலிமென்ட் இன்றிச் சென்றவர்கள், எவ்வளவு திறமையாக வெட்டினும் வென்றிருத்தல் அரிது.

பிள்ளைகள் இருவரையும் அழைத்து, கணக்கு என்னுடைய பிழை என்று கூறினேன். அதனை நண்பர்களுக்கும் தெரிவிக்கும்படி மருமகனிடம் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர் தங்கையிடம் சென்று இரட்டை வாள் பயிற்றும்படி கேட்டான். நண்பர்களும் திரும்பி வந்தனர். பனி ஆயுதங்களுடன் சென்று, டிராகன் நிலையிற் கொம்பை முறித்து, விலங்கு எதிர்நிலைக்கு மாறாமற் தடுத்து, ஆறாம் நாள் வீழ்த்தினர். அடுத்த வேட்டைக்கு அவன் தன் பழைய பெருவாளையே எடுத்தான். அவ்விலங்குக்கு அது பொருந்துமென்று தங்கையும் ஒப்புக்கொண்டாள்.

இப்பொழுதும் பிள்ளைகள் என்னிடம் வழக்குக் கொண்டுவருகின்றனர். தீர்ப்புக் கூறுமுன், தோற்கப்போகும் பக்கத்தாரை நோக்கி, “இன்னும் ஏதேனும் சொல்ல உண்டோ?” என்று கேட்டுவிட்டே பென்சிலைக் கீழே வைக்கின்றேன்.