தாராவியின் பசுமைக் கணக்கை எழுதப்போவது யார்?

'பசுமைக் கட்டடம்', 'நிலைத்த வளர்ச்சி' என்ற சொற்கள் இப்போது மும்பை முழுவதும் அடிபடுகின்றன. தாராவிச் சீரமைப்புத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். நல்ல சொற்கள்தாம். ஆனால் சொல் வேறு, கணக்கு வேறு. பசுமை எவ்வளவு வந்தது, எந்த ஆண்டில் வந்தது, யாருக்கு வந்தது என்று அளந்து சொல்ல ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும். அதைப் பற்றி நம்மவர்கள் இப்போதே கவலைப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாராவி நமக்கு அயலூர் அல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று அங்கே வாழ்கிறார்கள். 90 அடிச் சாலையில் நின்றால் தமிழ் காதில் விழாமல் இருக்காது. விடியற்காலையில் இட்லி அவித்து, தலையில் சுமந்து நகரமெங்கும் விற்கப் புறப்படுகிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆகவே அந்த 600 ஏக்கர் சுமார் நிலத்தில் எது நடந்தாலும் அது நம் வீட்டுக் காரியம்.

இத்தனை ஆண்டுகளில் வந்துபோன திட்டங்களுக்குக் குறைவில்லை. 1985-இல் பிரதமர் ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி ரூபாய் அளித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்கு வந்தது. 2004-இல் மாநில அரசு முழுச் சீரமைப்பு என்றது. டெண்டர்கள் வந்தன, ரத்தாயின. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்குக் கேட்ட அதானி நிறுவனம் முன்னுக்கு வந்தது. 2023-இல் அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. இப்போது திட்டத்தை நடத்தும் கூட்டுக் கம்பெனியில் அதானி தரப்புக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்கு. 2025 மே மாதம் மாஸ்டர் பிளானுக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. மறுவாழ்வு வீடுகளை ஏழு ஆண்டுகளில் கட்டி முடிப்பது என்பது இலக்கு.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். தாராவி இப்படியே இருக்கட்டும் என்று எவரும் கேட்கவில்லை. திறந்த சாக்கடை, வரிசையில் நிற்கவேண்டிய பொதுக் கழிப்பிடம், மழைக்காலத்தில் வீட்டுக்குள் புகும் தண்ணீர் ஆகியவற்றோடு வாழ்ந்த தாய்மார்களிடம் போய்ப் பழைமையின் பெருமையைப் பேச நமக்கு உரிமை இல்லை. வீடு வரட்டும், குழாய் வரட்டும், கழிப்பறை வீட்டுக்குள்ளேயே வரட்டும். ஆனால் வந்தவை நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டாமா?

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மான்குர்டு, கோவண்டிப் பக்கத்தில் மறுவாழ்வுக்கென்று கட்டிய மூன்று குடியிருப்புகளில் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியே தெரிந்தது. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே போதிய இடைவெளி விடாததால் கீழ்த்தள வீடுகளில் வெயிலும் காற்றும் நுழையவில்லை. அங்கே வசிப்பவர்களிடையே காசநோய் அதிகம் என்று அந்த ஆய்வு காட்டியது. காகிதத்தில் அவையும் 'பக்கா' வீடுகளே. மாஹூலில் குடியமர்த்தப்பட்டவர்கள் சுற்றியிருந்த ஆலைகளின் காற்று மாசு தாங்காமல் நீதிமன்றப் படி ஏறினார்கள். அவர்களை அங்கே கட்டாயப்படுத்தி வைக்கக்கூடாது என்று 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. குடிசை போய்க் கான்கிரீட் வந்தால் மட்டும் போதாது என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டுமா?

சரி, எதை அளப்பது? கூரைமேல் எத்தனை சோலார் பலகை, சாலையோரம் எத்தனை மரம் என்று எண்ணுவது எளிது. அதையும் எண்ணட்டும். குடியிருப்பவன் கேட்கவேண்டிய கணக்கு வேறு.

முதலாவது, தண்ணீர். குழாயில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வருகிறது? ஒரு குடும்பத்துக்கு எத்தனை லிட்டர்? கழிவு நீர் சுத்திகரிக்கப்படுகிறதா, அல்லது பழையபடி மித்தி ஆற்றுக்கே போகிறதா? 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தபோது அந்த ஆறு என்ன செய்தது என்பதை அந்த நாளில் இங்கிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, வெளிச்சமும் காற்றும். உச்சி மாடியில் அளந்தால் போதாது. முதல் மாடி வீட்டில் நடுப்பகலில் விளக்குப் போடாமல் குழந்தை பாடம் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வேலை. தாராவியில் பலருக்கு வீடும் பட்டறையும் ஒன்று, அல்லது நடந்துபோகும் தூரம். ரயில் செலவில்லை, பஸ் புகையில்லை. 13-ஆவது காம்பவுண்டில் நகரம் வீசியெறிந்த பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து மறுபடியும் பொருளாக்குகிறார்கள். பெரிய நகரங்கள் கோடிகளைக் கொட்டி நடத்த முயலும் காரியத்தை இவர்கள் கூலிக்குச் செய்து வருகிறார்கள். அந்தப் பட்டறைகளைக் கலைத்துவிட்டு அந்த இடத்தில் பூங்கா வைத்தால் பசுமை கூடிற்றா, குறைந்ததா? குப்பையை வேறு யாரோ லாரியில் ஏற்றி டியோனாருக்குக் கொண்டுபோக வேண்டிவருமே! எத்தனை பட்டறைகள் உள்ளேயே இடம் பெற்றன, எத்தனை வெளியே போயின, எத்தனை மூடப்பட்டன என்ற எண்ணிக்கை இல்லாத பசுமைக் கணக்கு அரைக் கணக்குத்தான்.

நான்காவது, வெளியே அனுப்பப்படுகிறவர்கள். 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி. அதற்கும் பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே வாடகை முறை. வெளியே என்றால் எங்கே? காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டுப் பக்கத்து உப்பளங்களில் 255.9 ஏக்கரும் டியோனார் குப்பைமேட்டில் 124 ஏக்கரும் இதற்காக ஒதுக்கப்பட்டன. உப்பளம் மழைநீரைத் தாங்கும் தாழ்ந்த நிலம். டியோனாரோ 1927 முதல் நகரத்தின் குப்பையைச் சுமந்துவரும் இடம். 2016-இல் அங்கே பற்றிய தீயின் புகை நகரத்தையே மூடிற்று. குப்பையை அகற்றிய பிறகே குடியேற்றம் என்கிறார்கள். அந்த மண்ணையும் காற்றையும் சோதித்த முடிவுகளைக் குடிபோகிறவர் கையில் கொடுத்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். தாராவிக்குள் மரம் நட்ட கணக்கை எழுதிவிட்டு, டியோனாரில் குடியேறியவரின் இருமலை எழுதாமல் விட்டால் அது யாரை ஏமாற்றுகிற புத்தகம்?

ஐந்தாவது, பின்செலவு. லிப்ட், பம்ப், மாடிப்படி விளக்கு இவற்றின் கரண்ட் பில்லை யார் கட்டுவது? முதல் பத்தாண்டுகளுக்குப் பராமரிப்பு இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். பதினோராவது ஆண்டு? மாதச் சம்பளக்காரனே சொசைட்டிப் பணம் கட்டத் திணறும் ஊர் இது. அன்றாடம் கூலி வாங்குகிறவன் லிப்ட் நின்றுபோன பத்தாவது மாடிக்குக் குடத்தைச் சுமப்பானா, அல்லது வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு வேறொரு குடிசைக்குப் போவானா? அவன் போய்விட்டால் நிலைத்தது கட்டடம் மட்டுமே.

"வீடே இல்லாதவனுக்குப் பசுமை எதற்கு? இந்தக் கேள்விகளால் திட்டம் தாமதமாகும்" என்று சிலர் சொல்கிறார்கள். தாராவியை இத்தனை ஆண்டுகள் தாமதப்படுத்தியவை கேள்விகளா? டெண்டர் குழப்பமும் வழக்குகளும் அல்லவா! கணக்கைத் திறந்து வைத்தால் சந்தேகம் குறையும். சந்தேகம் குறைந்தால் வேலை வேகமாக நடக்கும்.

சட்டத்திலும் வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி முன் அனுமதி பெற்ற பெரிய கட்டுமானங்கள், நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அறிக்கையாகத் தர வேண்டும். அவை பொது ஆவணங்கள். எவரும் கேட்டுப் பெறலாம். ஆனால் அவை ஆங்கிலத்தில், இன்ஜினீயர் மொழியில் எழுதப்பட்டு பைல்களில் உறங்குகின்றன. இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். விற்பனைக்குக் கட்டும் வீடுகளின் முன்னேற்றத்தை ரியல் எஸ்டேட் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவு செய்து காட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு அந்தக் காவல் உண்டு. தன் குடிசையைக் கொடுத்துவிட்டு மறுவாழ்வு வீட்டுக்குக் காத்திருப்பவனுக்கும் அதே காவல் வேண்டும் என்று கேட்பது தவறா?

அரசிடம் நாம் கேட்கவேண்டியவை மூன்று. இடிப்பதற்கு முன்பே இன்றைய நிலவரத்தை, அதாவது தண்ணீர், கழிவு, காற்று, பட்டறைகள், தொழிலாளர் எண்ணிக்கை அனைத்தையும் பதிந்து வெளியிட வேண்டும். தொடக்கக் கணக்கு இல்லாமல் முன்னேற்றத்தை எதோடு ஒப்பிடுவது? ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே அளவுகளை மறுபடியும் எடுத்து, மராத்தி, இந்தி, உருது, தமிழில் தெருமுனைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அளப்பவர், கட்டுகிற கம்பெனியிடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும்.

நம் சங்கங்களுக்கும் வேலை உண்டு. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்தும் நம்மவர்களிடையே கணக்கு எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள், தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்! தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டால் முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். நான்கு பேர் சேர்ந்து அந்த அறிக்கைகளை வாங்கி, தமிழில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஜனங்களைக் கூட்டிப் படித்துக் காட்டலாம். அறிக்கையில் உள்ளது தெருவில் இருக்கிறதா என்று தெருவில் வசிப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

பக்கத்திலேயே மாஹிம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் குப்பை கொட்டிய மேடு அது. 1994-இல் திறக்கப்பட்டு இன்று தோப்பாக நிற்கிறது. இந்த ஊரில் நல்ல மாற்றம் நடக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. தாராவியிலும் நடக்கட்டும். ஜூன் முதல் தேதியும் டிசம்பர் முதல் தேதியும் வரும்போது, அந்த அறிக்கையை எங்கே காட்டுகிறீர்கள் என்று கேட்க நம் பக்கத்திலிருந்து ஆள் இருக்கட்டும்.