இலகு ரயிலை நிறுத்தினோம், நெரிசலை?

மாலபேயிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு 177ஆம் இலக்க பஸ்ஸில் போய்வருபவன் நான். ராஜகிரியவில் பஸ் அசையாமல் நிற்கும்போதெல்லாம் கைநழுவிப்போன இலகு ரயில்தான் நினைவுக்கு வருகிறது.

மாலபே - கோட்டை பாதைக்கு 0.1 வீத வட்டியில் ஜப்பானின் கடனுதவி 2019இல் கைச்சாத்தானது. செலவு அதிகம் எனக் கூறி 2020 செப்டெம்பரில் அன்றைய அரசு திட்டத்தை இரத்துச் செய்தது. பயணிகளின் இழந்த நேரத்தை யாரும் செலவுக் கணக்கில் சேர்க்கவில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், சொந்த வாகனத்தை நம்பிய நகரம் முடங்கியதையும் கண்டோம்.

ரயில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பஸ்ஸுக்குத் தனி ஒழுங்கை ஒதுக்கலாம். அன்றாட வசூலுக்காகத் தரிப்பிடத்தில் காத்துக்கிடக்கும் முறையை ஒழித்து, நேர அட்டவணைப்படி ஓடுவோருக்கே கொடுப்பனவு வழங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்சி மாறினாலும் போக்குவரத்துத் திட்டம் மாறக்கூடாது.