டேட்டாவுக்கும் ஒரு தராசு வேண்டும்

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நம் பெண்கள் தராசைப் பார்க்காமல் நகர்வதில்லை. சாக்குக்கு எத்தனை கிலோ கழித்தார்கள், ஈரத்துக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேட்கிறார்கள். கேட்கப் பயந்த காலத்தில் எவ்வளவு இழந்தோம் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். இன்று அதே வீடுகளில் மாதம் தவறாமல் காசு கொடுத்து வாங்கும் இன்னொரு பொருள் இருக்கிறது. அதை யாரும் நிறுத்துத் தருவதில்லை. நாமும் நிறுத்துக் கேட்பதில்லை. போனுக்கு ரீலோட் பண்ணி வாங்கும் டேட்டாவைத்தான் சொல்கிறோம்.

தோழர்களே, நமது டிவிசன்களில் இரண்டு விதமான குறை இருக்கிறது. சில இடங்களில் சிக்னலே கிடையாது. பேசுவதென்றால் மேட்டுக்கு ஏற வேண்டும், அல்லது ரோட்டுக்கு வர வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த குறை. 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் பாடம் படிப்பதற்காகக் காட்டு வழியாக மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து மலை உச்சிக்கு ஏறியதை உலகப் பத்திரிகைகளே எழுதின.

இரண்டாவது குறையைப் பற்றிப் பேச ஆளில்லை. போனில் நாலு கோடும் தெரிகிறது. 4ஜி என்றும் காட்டுகிறது. ஆனால் மாலை ஆறு மணி தாண்டினால் ஒன்றும் ஓடுவதில்லை. படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஆசிரியரின் குரல் துண்டு துண்டாக வருகிறது. கம்பனியின் கணக்கில் இந்தத் தோட்டம் சேவை கிடைக்கும் பிரதேசம். ஆகவே கம்பனிக்கு இங்கே குறையே இல்லை. காசு மட்டும் குறையாமல் போகிறது.

ஏன் இப்படி நடக்கிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்காமல் போய்க் கேட்டால், "மலைப்பிரதேசம், அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே பதிலோடு அனுப்பிவிடுவார்கள்.

லயத்துப் பொதுப் பைப்பை நினைத்துப் பாருங்கள். தாங்கியில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் காலையில் இருபது வீடும் ஒன்றாகத் திறந்தால் கடைசி வீட்டுக்குச் சொட்டுத்தான் வரும். டவரும் அப்படித்தான். ஒரு டவரின் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கிய அலைவரிசையை, அந்தப் பக்கத்திலுள்ள எல்லாப் போன்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. போனில் தெரியும் கோடுகள் டவர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். அந்த நேரத்தில் எத்தனை பேர் பங்குக்கு நிற்கிறார்கள் என்பதைக் காட்டாது.

தூரமும் ஒரு காரணம். டவருக்குப் பக்கத்திலுள்ள போன் குறைந்த நேரத்தில் நிறைய டேட்டாவை இழுத்துவிடும். மலைமுகட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் போனுக்குச் சிக்னல் மெலிந்து வருவதால் அதே அளவு டேட்டாவுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதனால் அந்தப் போனும் தாமதிக்கும், பங்கு போடும் மற்றவர்களின் நேரமும் கரையும். 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். 1800, 2100 போன்றவை அவ்வளவு தூரம் போகா. எந்த டவரில் எதைப் போடுவது என்று தீர்மானிப்பது கம்பனி.

மூன்றாவது காரணம் டவருக்குப் பின்னால் இருக்கிறது. டவரிலிருந்து நகரத்துக்கு டேட்டா போக ஒரு வழி வேண்டும். அது கண்ணாடி நார்க் கம்பியாக இருக்கலாம், அல்லது டவரிலிருந்து டவருக்குத் தாவும் வானலை இணைப்பாக இருக்கலாம். அந்த வழி ஒடுங்கியதாக இருந்தால், டவரை எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரயோசனமில்லை.

ஆகவே "மலை" என்பது பாதிக் காரணம்தான். மற்றப் பாதி, எந்த இடத்தில் எவ்வளவு காசு போடுவது என்று கம்பனி எடுக்கும் முடிவு. அந்த முடிவைத் தட்டிக் கேட்கலாம்.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். எந்த டேட்டா முதலில் போவது, எது வரிசையில் நிற்பது என்று வலையமைப்பு எப்போதும் பிரித்துக்கொண்டே இருக்கிறது. 3ஜி காலத்திலேயே இதை நாலு வகையாகப் பிரித்துவிட்டார்கள். பேச்சு, ஓடும் படமும் ஒலியும், கேட்டுப் பதில் வாங்கும் பக்கங்கள், பின்னால் மெதுவாக இறங்கக்கூடியவை என்பன அந்த நாலு. 4ஜி வந்தபோது அது ஒன்பது வகையானது. பேச்சுக்கு இடம் ஒதுக்கி உறுதி செய்யலாம். சாதாரண இன்டர்நெட் கடைசி வகைகளில் நிற்கும். மிச்சம் இருந்தால்தான் அதற்குப் பங்கு.

இப்படிப் பிரிப்பது தவறில்லை. பேச்சு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேச அளவுகோல். அதற்கு மேல் போகப் போக இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும். ஒரு சினிமாப் பாட்டு இறங்குவது அரை நிமிடம் பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் சூமில் நடக்கும் கணித வகுப்பு அரை நிமிடம் நின்றால், அந்தப் படிமுறை போய்விட்டது. பிள்ளை மறுபடி கேட்கவும் முடியாது.

யாருடைய தேவை முன்னுக்கு நிற்க வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு பொறி இருக்கிறது. அந்தப் பொறியை யாருக்காகத் திருப்புகிறார்கள் என்பதே நமது கேள்வி. 2020இல் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடிக் கிடந்தபோது, பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் கற்கைத் தளங்களுக்கு டேட்டாக் கட்டணமில்லாமல் போக ஒழுங்கு செய்யப்பட்டது. கம்பனிகளும் ஆணைக்குழுவும் சேர்ந்து அதைச் செய்தன. அது நல்ல காரியம். பல்கலைக்கழகத்துக்குச் செய்ய முடிந்ததைத் தோட்டப் பாடசாலைக்கும் செய்ய முடியும்.

இதில் நமக்கு என்ன நட்டம்?

முதலாவது, காசு. நாட்சம்பளம் 1000 ரூபா ஆக வேண்டும் என்று எத்தனை வருடம் தெருவில் நின்றோம் என்பதை மறக்க முடியாது. 2021இல்தான் அது வந்தது. அப்படி வாங்கிய சம்பளத்திலிருந்துதான் ரீலோட்டுக்கும் காசு போகிறது. பல பொதிகளில் டேட்டாவை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை நடுச்சாமத்துக்குப் பிறகு பாவிக்கத் தருகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி, பிள்ளைக்குச் சோறு கட்டி, பெரட்டுக்குப் போகிற தாய் நடுச்சாமத்தில் எந்த டேட்டாவைப் பாவிப்பாள்? எழுத்தில் இருக்கும் அளவு ஒன்று, கைக்கு வரும் அளவு வேறு. விளம்பரத்தில் வரும் வேகமும் "கூடியது இவ்வளவு" என்றுதான் இருக்கும். குறைந்தது எவ்வளவு என்று யாரும் எழுதித் தருவதில்லை.

இரண்டாவது, பிள்ளைகளின் படிப்பு. பல தோட்டப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லை. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் படிக்கும் பிள்ளை அந்தக் குறையைப் போனில்தான் நிரப்பிக்கொள்கிறது. டவுனில் இருக்கும் பிள்ளையும் அதே பரீட்சைக்குத்தான் உட்காரும். வினாத்தாளில் "தோட்டத்தில் சிக்னல் மெது" என்று கூட்டிப் புள்ளி போட மாட்டார்கள்.

மூன்றாவது, உயிர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மண் சரிந்தது, பாதைகள் மூடின, மின்சாரம் போனது. அதோடு பல இடங்களில் தொலைபேசித் தொடர்பும் அறுந்தது. டவருக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பற்றரி சில மணித்தியாலம் தாங்கும். பிறகு ஜெனரேட்டரும் அதற்கு எரிபொருளும் வேண்டும். பாதை மூடிய மலையில் எரிபொருள் எப்படி ஏறும்? 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லவும், 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கவும், மண்சரிவு எச்சரிக்கை நம் கைக்கு வரவும் அந்தக் கம்பம் உயிரோடு நிற்க வேண்டும். அதிக ஆபத்துள்ள மலையில்தான் அதிக நேரம் தாங்கும் பற்றரி இருக்க வேண்டும். வியாபாரம் எங்கே கூட என்று பார்த்துப் பற்றரி வைக்கக் கூடாது.

இனி நாம் என்ன செய்யலாம்?

இந்த நாட்டில் தொலைத்தொடர்புச் சட்டம் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம். 1996இல் அதைத் திருத்தித்தான் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை உருவாக்கினார்கள். கம்பனிகள் ஒழுங்காகச் சேவை தருகின்றனவா என்று பார்ப்பதும், பாவனையாளரின் முறைப்பாட்டைக் கேட்பதும் அதன் கடமை. ஆனால் ஒரு வீட்டிலிருந்து "மெதுவாக ஓடுகிறது" என்று ஒருவர் சொன்னால் அது தனி மனித முணுமுணுப்பாகவே போய்விடும். ஒரு டிவிசனே திகதியும் நேரமும் எழுதிக் கொடுத்தால் அது சாட்சி.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி போட வேண்டும் என்று கேட்கிறோம். கொப்பியை நம் இளைஞர்களிடமும் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளிடமும் கொடுங்கள். இரண்டு வாரம், காலை ஒரு தரம், மாலை ஏழு மணிக்கு ஒரு தரம் எழுதட்டும். திகதி, நேரம், எந்த லயம், எந்தக் கம்பனியின் சிம், போனில் 4ஜியா வேறேதுமா, வேகம் எவ்வளவு, என்ன செய்யப் போய் எது நின்றது என்பவற்றை எழுதினால் போதும். வேகம் பார்க்கும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் அதுவும் டேட்டா தின்னும். ஆகவே ஒரு லயத்துக்கு ஒரு போன் போதும். மின்சாரம் போன நாளில் எத்தனை மணித்தியாலத்தில் சிக்னல் போனது என்பதையும் தவறாமல் எழுதுங்கள். அது பெறுமதியான கணக்கு.

கொப்பி நிறைந்ததும் முதலில் கம்பனிக்கு எழுத்தில் கொடுப்போம். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் விடக் கூடாது. பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், அதே பிரதியோடு ஆணைக்குழுவுக்குப் போவோம். 1900 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். தமிழில் எழுதுங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழிலேயே பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நம் கையில் இருக்கிறது. நமது பிரதேசத்தில் சேவைத் தரத்தை ஆணைக்குழு எப்போது அளந்தது, என்ன கண்டது என்று கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். விண்ணப்பம் எழுதச் சங்கம் உதவும்.

நமது கோரிக்கைகள் நாலு. விற்கும் பொதியில், கிடைக்கக்கூடிய குறைந்தபட்ச வேகத்தையும் எழுத வேண்டும். மாலை நேரத்தில் நெரியும் டவர்களைப் பெரிதாக்கத் திகதி சொல்ல வேண்டும். பாடசாலைப் பாடங்களுக்குக் கட்டணமில்லாத, அல்லது முன்னுரிமையுள்ள வழி வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள தோட்டங்களின் டவர்களுக்கு நீண்ட நேரம் தாங்கும் மின்கலமும் எரிபொருளும் முன்கூட்டியே வேண்டும். டவருக்கு இடம் தேவைப்படும் தோட்டங்களில் நிர்வாகத்துடன் பேசும்போதும் இதை மேசையில் வைப்போம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு மணித்தியாலம் முகம் காட்டிப் பலர் கூடும் காணொளி வகுப்பு 800 எம்பிக்கு மேலும் தின்னும். அதே பாடத்தின் பத்து நிமிடக் குரல் பதிவு இரண்டு எம்பிக்குள் முடியும். கரும்பலகையின் ஒரு படத்தோடு அதை அனுப்பினால் பிள்ளை பத்துத் தரம் திருப்பிக் கேட்கும். டவர் சரியாகும் வரை பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது. அதற்காக இந்தச் சிக்கனத்தைக் காட்டி டவரைப் பிற்போடவும் விடமாட்டோம்.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும் தலைவர்களும் மாதர் தலைவிகளும் தங்கள் டிவிசன் கொப்பியைக் கையோடு கொண்டு வாருங்கள். வெறுங்கையோடு போய்க் கேட்டால் வாக்குறுதி தருவார்கள். கணக்கோடு போனால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.